கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது எப்படி: எழுதுவது முதல் வில்லங்கச் சான்றில் ஏறும் வரை

மனையோ வீடோ விலை பேசி முடித்ததும், முத்திரைத்தாளில் கிரைய ஒப்பந்தம் (சொத்தைப் பின்னால் விற்றுத் தருவதாகச் செய்யும் ஒப்பந்தம்) என்று நாலு வரி எழுதி, நோட்டரியிடம் முத்திரை வாங்கி, அட்வான்ஸைக் கொடுத்துவிடுவது தமிழ்நாட்டில் இன்றும் நடக்கிறது. நோட்டரி முத்திரை பதிவு ஆகாது. அது சார்பதிவாளர் அலுவலகப் புத்தகத்தில் ஏறாது, சொத்தின் மேல் பதிவான ஆவணங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிலும் வராது. மறுவாரமே உரிமையாளர் அதே சொத்தை இன்னொருவருக்குக் கிரையம் செய்துவிட்டால், வாங்கியவர் "இப்படி ஒரு ஒப்பந்தம் இருப்பதே எனக்குத் தெரியாது" என்று நீதிமன்றத்தில் சொல்ல வழி கிடைக்கிறது. ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் அந்த வழி அடைபடும். சொத்து தொடர்பான பதிவு ஆவணத்தை, பின்னால் வாங்குகிறவர் அறிந்திருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். பதிவுக்குச் செலவழிக்கும் பணத்துக்குக் கிடைக்கும் உண்மையான பலன் இதுதான்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரைய ஒப்பந்தத்துக்குப் பதிவு கட்டாயம். பதிவாகாத ஒப்பந்தம் வெறும் காகிதம் என்று இதற்கு அர்த்தமில்லை. அதை வைத்து, ஒப்பந்தப்படி கிரையம் செய்து தரக் கோரும் வழக்குப் போடலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும்போது, சொத்து மூன்றாம் நபர் கைக்குப் போகாமல் இருக்க வேண்டுமே!

எழுதும்போது

சார்பதிவாளர் உங்கள் பேரம் நியாயமானதா என்று பார்க்கமாட்டார். இன்னார் இன்ன தேதியில் நேரில் வந்து, இந்த ஆவணத்தை எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொண்டார் என்பதற்குத்தான் பதிவு சாட்சி. உள்ளே எழுதாத விஷயத்துக்குப் பதிவு எந்த உதவியும் செய்யாது. அதனால் ஆவண எழுத்தரோ வழக்கறிஞரோ கையில் வைத்திருக்கும் பழைய மாதிரியில் பெயரை மட்டும் மாற்றித் தந்தால் ஏற்காதீர்கள்.

மொத்தக் கிரையத் தொகை, கொடுத்த முன்பணம், மீதி எவ்வளவு, அது எந்தத் தேதிக்குள் என்பவற்றை எண்ணிலும் எழுத்திலும் எழுதுங்கள். முன்பணம் போன வழியும் வரவேண்டும்: காசோலை எண், வங்கிப் பெயர், பரிமாற்ற எண், தேதி. வருமான வரிச் சட்டப்படி சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு தொகை அபராதமாக வரலாம், அது ரொக்கத்தை வாங்கிய விற்பனையாளர் தலையில் விழும். இதைச் சொன்னாலே ரொக்கம் கேட்கும் விற்பனையாளர் பலர் வங்கி வழிக்கு வந்துவிடுவார்கள்.

கெடு மிக முக்கியம். கெடுத் தேதி எழுதியிருந்தால், அந்தத் தேதியிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். கெடுவுக்குள் மீதிப் பணத்தோடு நீங்கள் தயாராக இருந்ததையும் காட்ட வேண்டும். கெடுவை வாய்மொழியாக நீட்டிப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. நீட்டிப்பையும் இருவரும் கையெழுத்திட்டு எழுதிப் பதிவு செய்யுங்கள். எழுதிக்கொடுப்பவர் (விற்பவர்) பின்வாங்கினால் என்ன, எழுதிப்பெறுபவர் (வாங்குபவர்) பின்வாங்கினால் முன்பணம் என்ன ஆகும், சுவாதீனம் (சொத்தின் கைவசம்) இப்போதே தரப்படுகிறதா, கிரையத்தன்றுதானா என்பவற்றையும் தெளிவாக எழுத வேண்டும். சுவாதீனம் ஒப்படைக்கப்பட்டால் கட்டணக் கணக்கே மாறும்.

சொத்து விவரத்தில்தான் பதிவு தோற்கும். சர்வே எண்ணின் உட்பிரிவு 112/3பி என்பது 112/3 என்று தட்டச்சாகிவிட்டால், பிறகு சரியான எண்ணைப் போட்டு வில்லங்கம் பார்ப்பவர் கண்ணில் உங்கள் ஒப்பந்தம் படாது. பட்டாவையும் தாய்ப்பத்திரத்தையும் அருகில் வைத்துக்கொண்டு, எண், நான்கெல்லை, பரப்பு, கிராமம் ஆகியவற்றை ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபாருங்கள். பதிவுக்குப் பின் திருத்த வேண்டுமானால் தனியாகப் பிழைதிருத்தல் ஆவணம் வேண்டும். அதற்கு எதிர்த்தரப்பு மறுபடி வரவேண்டும். மனம் மாறிய விற்பனையாளர் வரமாட்டார்.

கூட்டுச் சொத்தானால் பங்குதாரர் எல்லோரும் எழுதிக்கொடுக்க வேண்டும். "அண்ணன் வெளியூரில் இருக்கிறார், பிறகு போட்டுக்கொள்வார்" என்பதை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். உரிமையாளருக்குப் பதிலாகப் பவர் (அதிகாரப் பத்திரம்) வைத்திருப்பவர் கையெழுத்திட்டால், அந்தப் பவர் பதிவானதா, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, ரத்தாகியிருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டில் எழுதப்பட்ட பவருக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை செலுத்த வேண்டும்.

முத்திரையும் கட்டணமும்

ஒப்பந்தத்துக்கான முத்திரைத்தாள் முன்பு 20 ரூபாய். 2024 மே மாதம் முதல் 200 ரூபாய். பழக்கத்தில் 20 ரூபாய்த் தாளில் எழுதினால் முத்திரை குறைவு. குறைந்த முத்திரையில் உள்ள ஆவணத்தை, குறைந்த தொகையும் அபராதமும் கட்டாமல் நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது. சுவாதீனம் தராத ஒப்பந்தத்துக்குப் பதிவுக் கட்டணம் முன்பணத்தில் 1 சதவீதம் என்ற கணக்கு. இதனால் முன்பணத்தைக் குறைத்து எழுதச் சொல்லும் யோசனை வரும். பேச்சு முறிந்தால் திரும்பக் கேட்கக்கூடியது எழுதிய தொகையைத்தான். 5 லட்சம் கொடுத்துவிட்டு 1 லட்சம் என்று எழுதி மிச்சப்படுத்துவது 4,000 ரூபாய். ஆபத்தில் வைப்பது 4 லட்சம்.

பதிவு நாள்

பதிவுத்துறையின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, தரப்பினர் விவரமும் சொத்து விவரமும் பதிந்து, கட்டணத்தை இணையவழி செலுத்தி, டோக்கன் எடுக்க வேண்டும். இணையத்தில் பதியும் விவரம்தான் பின்னால் வில்லங்கத்தில் தெரியும். ஆகவே இதை ஆவண எழுத்தர் செய்தாலும், அனுப்பும் முன் நீங்கள் ஒருமுறை படியுங்கள்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: எழுதிக்கொடுப்பவர், எழுதிப்பெறுபவர், சாட்சிகள் ஆகியோரின் மூல அடையாள அட்டைகள், பான் அட்டை, தாய்ப்பத்திர மூலம், பட்டா, அண்மைய வில்லங்கச் சான்று, உரிமையாளர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும். மூலப்பத்திரம் வங்கியில் அடமானத்தில் இருந்தால், முன்பணத்தில் எவ்வளவு நேராக அந்தக் கடன் கணக்குக்குப் போகிறது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

அலுவலகத்தில் ஒளிப்படமும் கைரேகையும் எடுப்பார்கள். சார்பதிவாளர், எழுதிக்கொடுப்பவரிடம் கையெழுத்து அவருடையதா என்று கேட்பார். பலரும் தவறவிடும் வசதி ஒன்று இங்கே உண்டு: சார்பதிவாளர் முன்னிலையில் பணம் கைமாறினாலோ, பெற்றுக்கொண்டதை விற்பவர் அவர் முன் ஒப்புக்கொண்டாலோ, அதை அவர் ஆவணத்தின் மேலெழுத்தில் குறிக்க வேண்டும் என்பது சட்டம். வங்கி வரைவோலையை அங்கேயே கொடுத்தால் "பணமே வாங்கவில்லை" என்ற வாதம் எடுபடாது. நடக்க முடியாத முதியவர் என்றால், தகுந்த காரணம் காட்டி மனுக்கொடுத்து வீட்டுக்கே வந்து பதியக் கேட்கலாம்.

எழுதிய நாளிலிருந்து 4 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் இன்னும் 4 மாதம் வரை மாவட்டப் பதிவாளர் அபராதத்தோடு அனுமதிக்கலாம்; அதற்கு மேல் வழியில்லை. பதிவான ஆவணம் எழுதிய தேதியிலிருந்தே செல்லும். பதிய மறுத்தால் வாய்மொழிப் பதிலோடு திரும்பாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் போகலாம்.

பதிவுக்குப் பிறகு

ஆவணம் கைக்கு வந்ததும், இணையத்தில் அதே சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். உங்கள் ஒப்பந்தம் அதில் தெரியாவிட்டால் உடனே அலுவலகத்துக்குப் போக வேண்டும். பேரம் முறிந்து முன்பணம் திரும்பினால், இருதரப்பும் கையெழுத்திட்டு ரத்து ஆவணமும் பதிவு செய்ய வேண்டும். விற்பவர் இதை மறக்கக் கூடாது, இல்லையென்றால் அடுத்து வாங்க வருபவர் வில்லங்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

சொத்து சம்பந்தப்படாத ஒப்பந்தங்களையும், கடன் உடன்படிக்கை, பாகப் பேச்சு முடிவு போன்றவற்றை, விருப்பப் பதிவாகச் செய்யலாம். ஆனால் சொத்து ஆவணங்கள் 1-ஆம் புத்தகத்தில் ஏறும். இவை 4-ஆம் புத்தகத்துக்குப் போகும். 4-ஆம் புத்தகத்தைப் பொதுமக்கள் பார்க்க முடியாது, நகலும் சம்பந்தப்பட்டவர்களுக்கே கிடைக்கும். பாகப் பேச்சில் நிலம் ஒன்று குறிப்பிடப்பட்டு உரிமை பிரிகிறதென்றால் அது விருப்பப் பதிவே அல்ல, பாகப்பிரிவினைப் பத்திரமாக முறைப்படி 1-ஆம் புத்தகத்தில் ஏற வேண்டும். எந்தப் புத்தகத்தில் ஏறுகிறது என்பதைத் தாக்கல் செய்யும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.