காருக்குப் பின்னால் சைக்கிள் தாங்கி: தெரிவு செய்தலும் பூட்டுதலும் பேணலும்

திருகோணமலை உவர்மலையில் குடியிருப்பவர் விடியற்காலையில் நிலாவெளி வரை சைக்கிள் ஓடிவிட்டு வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடலாம். ஆனால் பிள்ளைகளின் சைக்கிள்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு கந்தளாய்க் குளக்கட்டுக்கோ குச்சவெளிக்கு அப்பாலுள்ள கரையோர வீதிக்கோ போய், அங்கிருந்து ஓடத் தொடங்க விரும்புவோருக்கு வாகனத்தில் ஒரு தாங்கி வேண்டும். கூரைமேல் ஏற்றுவதற்குத் தோள்பலம் தேவைப்படுகிறது. டிக்கிக் கதவில் பட்டிகளால் கட்டும் தாங்கி, பட்டிக்கடியில் மணல் சிக்கினால் பெயின்ற்றைச் சுரண்டிவிடுகிறது. வாகனத்தின் பின்னடியிலுள்ள இழுவைச் சட்டத்தில், அதாவது ஹிட்ச்சில், பொருத்தும் தாங்கியே இவற்றுள் உறுதியானது என்பது என் முடிவு. ஆனால் கடைக்குப் போகுமுன் வாகனத்தின் அடியில் குனிந்து பார்த்துவிட வேண்டும்.

ஹிட்ச் என்பது பின்பக்கம் திறந்திருக்கும் சதுர இரும்புக் குழல். தாங்கியின் தண்டு அதற்குள் நுழைகிறது. குழலின் உள்ளளவு பெரும்பாலும் ஒன்றேகால் அங்குலம் அல்லது இரண்டு அங்குலம், அதாவது சுமார் 32 அல்லது 51 மில்லிமீற்றர். நம் ஊரில் ஓடும் சிறிய யப்பானியக் கார்கள் பெரும்பாலானவற்றில் இந்தக் குழல் கிடையாது. பிக்கப், ஜீப் வகைகளில் சிலவற்றில் உண்டு. சில வாகனங்களில் குழலுக்குப் பதிலாக 50 மில்லிமீற்றர் இழுவைக் குண்டு மட்டும் இருக்கும். அதற்குக் குண்டைக் கவ்விப் பிடிக்கும் வேறு வகைத் தாங்கி வாங்க வேண்டும், அந்தக் குண்டில் கிறீஸ் துளியும் இருக்கக் கூடாது. எதுவும் இல்லாத காருக்குச் சேசிஸ் தண்டுகளில் போல்ட் போட்டு இறுக்கும், அந்த மொடலுக்கென்றே செய்யப்பட்ட சட்டத்தைத்தான் பூட்ட வேண்டும். பம்பருக்குப் பின்னுள்ள தகட்டில் ஒரு குழலை வெல்டிங் பண்ணித் தருவதாகச் சொல்லும் கராஜ்காரரிடம் நன்றி கூறி விலகி வந்துவிடுங்கள். அந்தத் தகடு மோதலில் நசுங்குவதற்காக வைத்தது, பாரம் தொங்குவதற்காக அல்ல.

ஹிட்ச் தன்மேல் எவ்வளவு பாரத்தைக் கீழ்நோக்கித் தாங்கும் என்பது அதன் தகட்டிலோ வாகனக் கைநூலிலோ குறிக்கப்பட்டிருக்கும். இரண்டிலும் அளவு வேறுபட்டால் குறைந்ததையே எடுத்துக்கொள்ள வேண்டும். பலர் சைக்கிள்களை மட்டும் கணக்கிட்டுத் தாங்கியை மறந்துவிடுகிறார்கள். தாங்கி 20 கிலோ, சைக்கிள்கள் இரண்டும் தலா 16 கிலோ என்றால் மொத்தம் 52 கிலோ. அந்தப் பாரம் ஹிட்ச்சுக்கு நேர்மேலே இராமல் பின்னால் தள்ளி நிற்பதாலும், பள்ளத்தில் விழுந்தெழும்போது பன்மடங்காக இழுப்பதாலும், எல்லையை ஒட்டிப் போகாமல் நன்றாக இடைவெளி விடுவதே புத்தி. சைக்கிளின் நிறை தெரியாவிட்டால், நிறை பார்க்கும் தட்டில் முதலில் வெறுங்கையோடு ஏறி நின்று பாருங்கள், பிறகு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள்; இரண்டு எண்களின் வித்தியாசமே விடை. மட்கார்ட், செயின் கவர், பின்கரியர், ஸ்டான்ட் எல்லாம் பூட்டிய நம் வீட்டு இரும்புச் சைக்கிளை இப்படி நிறுத்துப் பார்ப்பவர் முதல்முறை நிச்சயம் வியப்படைவார். மின்சாரச் சைக்கிளென்றால் பற்றரியைக் கழற்றிக் காருக்குள் வைத்துவிட வேண்டும்.

தாங்கிகளில் தொங்கவிடுவன, தட்டில் நிறுத்துவன என இரு வகைகள் உண்டு. தொங்கவிடும் வகை மலிவானது, மடித்து வைக்க இலகுவானது. ஆனால் சைக்கிளின் மேல்தண்டைக் கொண்டே தூக்குவதால், மேல்தண்டு தாழ்ந்து வளைந்த பெண்கள் சைக்கிளுக்கும் சிறுவர் சைக்கிளுக்கும் ஒரு துணைத்தண்டு பூட்ட வேண்டியிருக்கிறது, ஓட்டத்தில் சைக்கிள்கள் ஒன்றோடொன்று உரசவும் செய்கின்றன. தட்டு வகையில் இரு சில்லுகளும் தட்டில் இருக்கும். ஒரு கை முன்சில்லை அல்லது பிறேமை அழுத்திப் பிடிக்கும். முன்சில்லின் மேல் கொளுவும் கை மட்கார்டை நசுக்கிவிடுவதால், மட்கார்ட் உள்ள சைக்கிளுக்குப் பிறேமைப் பிடிக்கும் கையே பொருந்தும். கார்பன் பிறேமுக்கோ நேர்மாறாகச் சில்லைப் பிடிக்கும் கைதான் நல்லது. குடும்பத்தில் பல வகைச் சைக்கிள்கள் இருந்தால், கூடுதல் பணம் கொடுத்தாவது இரண்டு சைக்கிள் கொள்ளும் தட்டு வகையை வாங்குங்கள் என்றே சொல்வேன்.

வாங்குமுன் அளக்க வேண்டியவை சில உண்டு. வானின் பின்கதவு மேல்நோக்கித் திறப்பதால், பின்னால் சாய்க்கக்கூடிய தாங்கி இல்லாவிட்டால் சாமான் எடுக்க ஒவ்வொரு முறையும் சைக்கிள்களை இறக்க நேரும். பின்கதவில் உபரிச் சில்லு தொங்கும் ஜீப்புக்குத் தண்டின் நீளம் போதுமா என்று பாருங்கள். நீட்டுத்துண்டு போட்டால் ஹிட்ச் தாங்கும் அளவு வெகுவாகக் குறைந்துவிடும். புகைக்குழலுக்கு நேரே சைக்கிள் ரயர் வரவும் கூடாது. அந்தச் சூடு ரயரை உருக்கிவிடும்.

பூட்டும்போது இருவர் இருந்தால் நல்லது. தண்டைக் குழலுக்குள் செலுத்தி, இரு துளைகளும் நேராக வரும்போது பின்னை நுழைத்து, அதன் நுனியில் கிளிப்பை மாட்ட வேண்டும். இந்தப் பின், தண்டை விழாமல் காக்குமே தவிர ஆட்டத்தை நிறுத்தாது; அதற்கென உள்ள போல்ட்டைத் தனியே இறுக்க வேண்டும். பிறகு தாங்கியின் நுனியைப் பிடித்துப் பலமாக ஆட்டிப் பாருங்கள்: காரும் சேர்ந்து குலுங்கினால் சரி, தாங்கி மட்டும் கடகடவென்று ஆடினால் இன்னும் இறுக்க வேண்டும்.

பாரமான சைக்கிளைக் காரை ஒட்டி ஏற்றி, அடுத்ததை எதிர்ப்பக்கம் பார்க்க நிறுத்தினால் ஹான்டில்கள் மோதாது. காற்றுப் பம்ப், போத்தல், கூடை, குழந்தை இருக்கை ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். இரு சில்லுகளையும் பட்டியால் கட்டி, பட்டியின் மீதி நுனியையும் முடிந்துவிட வேண்டும். இலக்கத்தகடும் பின்விளக்குகளும் மறைகின்றனவா என்று பத்தடி தள்ளி நின்று பாருங்கள். மறைந்தால் விளக்குப் பலகையொன்றைத் தாங்கியில் பூட்டி, அதில் இலக்கமும் தெரியும்படி செய்ய வேண்டும்.

புறப்பட்டுப் பத்து கிலோமீற்றருக்குள் ஒருமுறை நிறுத்தி எல்லாவற்றையும் கைவைத்துப் பார்ப்பது என் வழக்கம். வாகனம் இப்போது ஏறக்குறைய ஒரு மீற்றர் நீண்டிருப்பதை ரிவேர்ஸ் எடுக்கும்போது மறக்கக் கூடாது. வேகத்தடையில் ஊர்ந்து ஏறி ஊர்ந்து இறங்குங்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடைப்பட்ட வீதியில் யானை குறுக்கே வந்தால் பின்வாங்க வேண்டியிருக்கும். பின்கண்ணாடியைச் சைக்கிள்கள் மறைத்து நிற்க இருட்டில் அது மிகவும் கடினம் என்பதால், பொழுது சாயுமுன் அந்தத் துண்டைக் கடந்துவிடுங்கள்.

நம் ஊரில் தாங்கிக்கு உண்மையான எதிரி உப்புக் காற்றுதான். ஒரு வருடம் கடற்கரைப் பயணங்கள் முடிந்த பின்னும் கழற்றாமல் விட்டுவிட்டேன். மாரி மழை முழுவதும் அப்படியே நின்ற தண்டு, தை மாதத்தில் இழுத்தபோது குழலோடு ஒட்டிப்போயிருந்தது. துரு இளக்கும் எண்ணெயை இரவெல்லாம் ஊறவிட்டு, மறுநாள் இருவர் சுத்தியலால் தட்டித்தான் வெளியே எடுத்தோம். அன்றிலிருந்து ஒவ்வொரு கடற்கரைப் பயணத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்கிறேன்; தண்டில் மெல்லியதாகக் கிறீஸ் பூசுகிறேன்; பெயின்ற் உதிர்ந்த இடத்துக்கு உடனே துருத்தடுப்பு பூசுகிறேன். ஓடாத வாரங்களில் தாங்கி வீட்டுக்குள் சுவரில் தொங்குகிறது; குழலின் வாய்க்கு ஒரு றப்பர் மூடி போட்டிருக்கிறேன். பின்னும் கிளிப்பும் தொலைந்துவிடாதபடி ஒரு சிறு துணிப்பையில் போட்டுத் தாங்கியின் கையிலேயே கட்டி வைத்திருக்கிறேன்.