முதல் திருமணம் ஆர்.சி. கோயிலில் நடக்கவில்லையே, அப்புறம் என்ன தடை?

பெண் கத்தோலிக்கர் (ஆர்.சி.). மாப்பிள்ளை சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). மாப்பிள்ளையின் முதல் திருமணம் முறிந்து, குடும்பநல நீதிமன்றத் தீர்ப்பும் கைக்கு வந்துவிட்டது. இரு வீட்டாருக்கும் சம்மதம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய பிறகுதான் ஓலை வாசிக்க (கோயிலில் திருமண அறிவிப்புச் செய்ய) சொல்லிப் பங்குத்தந்தையிடம் போகிறார்கள். அங்கே எல்லாம் நின்றுபோகிறது.

நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் கத்தோலிக்கத் திருமணத்துக்குப் போதாது, முதல் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று பொதுவாகத் திருச்சபையின் நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது இப்போது பலருக்கும் தெரியும். அதனால் அதை இங்கே விரிக்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டவர்களும் அடுத்தடுத்துச் செய்கிற தவறுகளே மாதங்களையும் பணத்தையும் விழுங்குகின்றன.

"ஆர்.சி. கோயிலில் நடக்காத கல்யாணம் கணக்கில் வராது" என்று நம்புவது

பெரும் இழப்பைத் தருவது இந்தத் தவறுதான். கேட்கும்போதெல்லாம் எரிச்சலூட்டுவதும் இதுதான், ஏனென்றால் இதைச் சொல்லிக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் விவரம் தெரிந்தவர்களாகத் தோன்றும் உறவினர்களே. "என் மச்சான் பையன் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கட்டிக்கிட்டான், பிரிஞ்சதும் சாமியார் நாலு பேப்பர் கேட்டார், முடிச்சுக் கொடுத்துட்டார். உங்க மாப்பிள்ளை கல்யாணம் சி.எஸ்.ஐ. கோயில்லதானே? இன்னும் சுலபம்" என்பார்கள்.

அந்த மச்சான் பையன் கத்தோலிக்கர். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. குரு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு மணமுடிக்க வேண்டும் என்ற மணமுறை விதி (1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பு, எண் 1108) கத்தோலிக்கரை மட்டுமே கட்டுப்படுத்தும். அனுமதி பெறாமல் அவர் பதிவு அலுவலகத்தில் மணந்தது, மணமுறை இல்லாததாலேயே செல்லாது. அதை ஆவணங்களை வைத்தே நிரூபித்துவிடலாம்.

சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபையாரை அந்த விதி கட்டுப்படுத்தாது. திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்ற சி.எஸ்.ஐ. ஆணும் பெண்ணும் தங்கள் ஆலயத்தில் மணந்தாலும், பதிவு அலுவலகத்தில் மணந்தாலும், கத்தோலிக்கத் திருச்சபை அதைச் செல்லுபடியாகும் திருமணமாகவே கொள்கிறது. இருவரும் திருமுழுக்குப் பெற்றவர்கள் என்பதால் அது அருளடையாளமும் (இறையருள் தரும் புனிதச் சடங்கு) ஆகிறது (எண் 1055). செல்லாது என்று நிரூபிக்கப்படும் வரை செல்லும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் (எண் 1060). அந்தப் பிணைப்பு இருக்கும்போது இன்னொரு திருமணம் செய்ய முடியாது (எண் 1085).

சி.எஸ்.ஐ. குடும்பங்கள் இதைக் கேட்டுக் கோபப்படுவது இயல்பு. "எங்க சபைக் கல்யாணத்தை விசாரிக்க நீங்க யாரு?" என்கிறார்கள். நிலைமை அவர்கள் நினைப்பதற்கு நேர்மாறானது. அந்தத் திருமணத்தைத் திருச்சபை மதிக்காவிட்டால் விசாரணையே தேவைப்படாது. உண்மையான திருமணம் என்று மதிப்பதால்தான் தடை எழுகிறது. இதைப் பங்குத்தந்தையே முதல் சந்திப்பில் இரு வீட்டாருக்கும் சொல்லிவிட்டால் பாதிப் பிணக்கு தீரும்.

ஆகவே, எங்கே மணந்தார் என்பதைவிட, யாரை மணந்தார், அந்த நாளில் இருவரும் திருமுழுக்குப் பெற்றிருந்தார்களா என்பதே முதலில் கேட்க வேண்டியது. விடையைப் பொறுத்து வழி மாறும்.

முதல் மனைவி குழந்தையாகக் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்று, பின் பெந்தெகொஸ்தே சபையில் வளர்ந்தவரா? அப்படியானால் அவர் மணமுறை விதிக்கு உட்பட்டவர். ஆயரின் (பிஷப்) விதிவிலக்கு இல்லாமல் வெளியே நடந்த திருமணம் ஆவண வழியிலேயே முடியக்கூடும். முறைப்படி எழுத்தில் திருச்சபையை விட்டு விலகியவர்களுக்கு 1983 தொகுப்பில் ஒரு விலக்கு இருந்தது. 2009-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அதை நீக்கினார். இடைப்பட்ட காலத்துத் திருமணம் என்றால் அதையும் பார்க்க வேண்டும்.

முதல் மனைவி இந்துவா, திருமுழுக்கே பெறாதவரா? அப்போதும் அந்தத் திருமணம் செல்லும், ஆனால் அருளடையாளம் ஆகாது. விசுவாசத்தின் நலனுக்காகத் திருத்தந்தை அதை முறிக்க வழி உண்டு. கோப்பு மறைமாவட்டத்தில் தயாராகி ரோமுக்குப் போகும்.

இருவருமே ஆர்த்தடாக்ஸ் சபையாரா? அவர்களுடைய சட்டப்படி குருவின் ஆசீர் இல்லாமல் திருமணம் இல்லை. அவர்கள் பதிவு அலுவலகத்தில் மட்டும் மணந்திருந்தால் கதையே வேறு. கன்னியாகுமரி, கேரள எல்லைக் குடும்பங்களில் இது அடிக்கடி வரும். ஆனால் ஆர்த்தடாக்ஸ் சபையே மறுமணத்துக்கு அனுமதி கொடுத்துவிட்டது என்பதால் கத்தோலிக்கத் தடை நீங்கிவிடாது.

திருமுழுக்கு இருக்கும் என்று ஊகிப்பது

"பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவர்" என்ற பேச்சு ஆவணம் ஆகாது. பல பெந்தெகொஸ்தே சபைகளில் குழந்தைக்குப் பிரதிஷ்டை மட்டுமே செய்வார்கள். முழுக்கு ஞானஸ்நானம் வளர்ந்த பிறகுதான். சிலர் அதற்கு முன்பே மணமுடித்திருப்பார்கள். இரட்சணிய சேனையில் திருமுழுக்குச் சடங்கே கிடையாது. "இயேசுவின் நாமத்தில்" மட்டும் கொடுக்கும் சபைகளும் உண்டு. தந்தை, மகன், தூய ஆவி என்ற வாய்ப்பாடு இல்லாத திருமுழுக்கைக் கத்தோலிக்கத் திருச்சபை ஏற்பதில்லை. எந்தச் சபை, எந்த ஆண்டு, எந்த வாய்ப்பாடு, தண்ணீர் ஊற்றினார்களா மூழ்கடித்தார்களா என்று போதகரிடம் எழுத்தில் வாங்குங்கள். முதல் துணைக்கும் இதே விவரம் வேண்டும். அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

"கத்தோலிக்கராக மாறிவிட்டால் சரியாகிவிடும்"

ஆகாது. மாறினாலும் பழைய பிணைப்பு அப்படியே இருக்கும். திருமுழுக்கால் முந்தைய திருமணத்தை முறிக்கும் பவுல் சலுகை, இருவருமே திருமுழுக்குப் பெறாமல் மணந்தவர்களுக்கு உரியது.

கத்தோலிக்கத் துணை மனுப் போட முயல்வது

முதல் திருமணம் செல்லாது என்று கோரும் செல்லாமை வழக்கைப் பொதுவாக அந்தத் திருமணத்தின் கணவனோ மனைவியோதான் தொடுக்க முடியும். வருங்கால மனைவிக்கு அந்த உரிமை இல்லை. மனுதாரர் கத்தோலிக்கராக இருக்க வேண்டிய அவசியமில்லை, எனவே சி.எஸ்.ஐ. மாப்பிள்ளையே மனுதாரர். திருமணம் நடந்த இடம், இருவரில் ஒருவர் வசிக்கும் இடம், சாட்சியங்கள் பெரும்பாலும் கிடைக்கும் இடம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் மறைமாவட்ட நீதிமன்றத்தில் போடலாம்.

மணமுறிவு வழக்கின் புகார்களை அப்படியே எழுதிக் கொடுப்பது

குடும்பநல நீதிமன்றத்தில் கொடுமை, பிரிந்து போனது, வேறு உறவு என்று எழுதியதை நகலெடுத்துக் கொடுக்கிறார்கள். திருச்சபை நீதிமன்றம் பார்ப்பது திருமண நாளன்று கொடுத்த சம்மதத்தை. மிரட்டலில் கட்டி வைத்தார்களா, பிள்ளையே வேண்டாம் என்று மனதில் உறுதி செய்துகொண்டு மணந்தாரா, தீவிர மனநோயை மறைத்தார்களா, மணவாழ்வின் கடமைகளை ஏற்கும் மனத்திறன் அன்று இருந்ததா என்பதே கேள்வி. ஐந்து வருடம் கழித்து வந்த குடிப்பழக்கம் தனியாக நிற்காது. அதன் வேர் திருமணத்துக்கு முன்பே இருந்தது என்று காட்டினால்தான் எடுபடும்.

சாட்சிகளும் அதற்கேற்றவர்களாக இருக்க வேண்டும். பிரிந்த பிறகு ஆறுதல் சொன்ன நண்பரைவிட, நிச்சயதார்த்தக் காலத்தில் வீட்டில் இருந்த சித்தி பயன்படுவார்.

முன்னாள் துணையின் முகவரியை மறைப்பது

அவர் சம்மதிக்காவிட்டாலும் வழக்கு நடக்கும். ஆனால் அவருக்கு அழைப்பாணை போக வேண்டும், பதில் சொல்ல வாய்ப்பு வேண்டும். "அவ வந்தா காரியம் கெட்டுடும்" என்று தவறான முகவரி கொடுத்தால், தற்காப்பு உரிமை மறுக்கப்பட்டது என்ற காரணத்தால் தீர்ப்பே செல்லாமல் போகும்.

இடையில் வேறு கோயிலில் தாலி கட்டிக்கொள்வது

"இப்போ சி.எஸ்.ஐ.-யில முடிச்சுக்குவோம், அப்புறம் ஆர்.சி.-யில சரி பண்ணிக்கலாம்." இந்த முறை மணமுறை விதி கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டுப்படுத்துகிறது. திருமணம் செல்லாது, நற்கருணை வாங்க முடியாது, முதல் வழக்கும் அப்படியே நிற்கும்.

பிள்ளைகளை நினைத்துப் பயப்படுவது

செல்லாமைத் தீர்ப்பால், முறையான திருமணத்தில் பிறந்தவர்கள் என்ற பிள்ளைகளின் நிலை பறிபோகாது (எண் 1137). ஆனால் அவர்களுக்கும் முன்னாள் துணைக்கும் தர வேண்டிய பராமரிப்புக்கு என்ன ஏற்பாடு என்று ஆயரகம் கேட்கும். அதற்கான நீதிமன்ற உத்தரவின் நகலைத் தயாராக வையுங்கள்.

முன்னாள் துணை உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்காமல் விடுவது

இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் போதும்.

தீர்ப்புக்கு முன் தேதி குறிப்பது

முதல்நிலை விசாரணை ஓராண்டைத் தாண்டக் கூடாது என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு (எண் 1453). நடைமுறையில் தாண்டும். முன்பு இரண்டாவது நீதிமன்றமும் உறுதிசெய்ய வேண்டியிருந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் அதை நீக்கினார். ஆனாலும் மேல்முறையீட்டுக்கு 15 நாள் உண்டு. அதற்குள் யாராவது மேல்முறையீடு செய்தால் கணக்கு மாறும். "செல்லாது" என்றே தீர்ப்பு வரும் என்ற உறுதியும் கிடையாது. எந்தப் பங்குத்தந்தையும் தேதி வாக்களிக்க முடியாது.

தீர்ப்பின் கடைசிப் பத்தியைப் படிக்காமல் விடுவது

தீர்ப்பு சாதகமாக வந்தாலும், மனுதாரர் புதிதாக மணமுடிக்க அதிலேயே தடை விதித்திருக்கலாம். காரணம் அவருடைய மனநிலை சார்ந்தது என்றால் இப்படி எழுதுவார்கள். ஆலோசனையோ சிகிச்சையோ பெற்று, ஆயரகம் தடையை நீக்கிய பிறகே மேலே போக முடியும். அதற்குப் பின்னும் கலப்புத் திருமண அனுமதி தனியாக வேண்டும். தன் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க இயன்றதைச் செய்வதாகவும் கத்தோலிக்கத் துணை வாக்குக் கொடுப்பார், மாப்பிள்ளைக்கு அது தெரிவிக்கப்படும். மாப்பிள்ளை திருமுழுக்குப் பெறாதவர் என்று தெரியவந்தால் அனுமதி போதாது, விதிவிலக்கு வேண்டும்.

திருச்சபைத் தீர்ப்பை மட்டும் நம்பி நீதிமன்ற மணமுறிவை விடுவது

இந்தியச் சட்டத்தில் திருச்சபைத் தீர்ப்புக்கு வலு இல்லை. உச்ச நீதிமன்றம் 1996-இலேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. நீதிமன்ற மணமுறிவு இல்லாமல் மணந்தால் அது இருதார மணக் குற்றம்.