250 சொல்லிவிட்டுக் கடிதத்தை அழிக்காதீர்கள்

மின்னஞ்சல் சர்வரை முதன்முதலாகப் பொறுப்பேற்பவர்கள் ஸ்பேம் குவிவதைக் கண்ட ஆத்திரத்தில் எல்லா விதிகளையும் ஒரே நாளில் இறுக்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். திறந்த ரிலே (யார் கடிதத்தையும் கடத்திவிடும் சர்வர்), பலவீனமான கடவுச்சொல் போன்ற எல்லாருக்கும் தெரிந்த தவறுகளை விட்டுவிட்டு, ஸ்பேமைத் தடுக்கப்போய்ச் செய்யும் தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

வாங்கியபின் சத்தமில்லாமல் அழிப்பது

இதை இன்று எங்கே கண்டாலும் எனக்குக் கோபம் வருகிறது. ஓர் அச்சகத்தின் சர்வரைக் கவனித்துவந்தேன். ஸ்பேம்அசாசின் என்ற வடிகட்டி மென்பொருள் ஸ்பேம் சந்தேகத்துக்காக 5 மதிப்பெண்ணுக்கு மேல் போட்ட கடிதங்கள் அனைத்தும் அழியும்படி அமைத்தேன். அஞ்சல் பெட்டிகள் சுத்தமாயின, முதலாளிக்கு மகிழ்ச்சி. இதற்கிடையில் பழைய வாடிக்கையாளர் ஒருவர் முகூர்த்த மாதத்துக்கான பெரிய ஆர்டரை மூன்று முறை அனுப்பியிருக்கிறார். பதில் வராமல் மனம் நொந்து வேறு அச்சகத்துக்குப் போய்விட்டார். அவருடைய சர்வர் பதிவில் மூன்று முறையும் எங்கள் பதில் 250, அதாவது 'ஏற்றுக்கொண்டேன்'. ஒரு வரிகூட எழுதாமல் படத்தை மட்டும் இணைத்து அனுப்பியதற்காக அவர் கடிதம் குப்பையானது.

சர்வர்கள் மின்னஞ்சலைக் கைமாற்றும் நெறிமுறையான எஸ்எம்டிபியில் 250 என்றால் 'இனி இந்தக் கடிதம் என் பொறுப்பு' என்று பொருள். அதைச் சொல்வதற்கு முன்பே சோதியுங்கள். வேண்டாத கடிதத்துக்கு 550, அதாவது 'ஏற்கமாட்டேன்' என்று சொல்லுங்கள். அனுப்பியவருக்கு அவருடைய சர்வரே செய்தி சொல்லிவிடும். வாங்கியபின் திருப்பி அனுப்புவதும் கூடாது. ஸ்பேமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி. சம்பந்தமில்லாத யாரோ ஒருவருடைய பெட்டியில் அது போய்க் குவியும். சந்தேகத்துக்குரியவை ஸ்பேம் கோப்புறைக்குப் போகட்டும். ஸ்பேம்அசாசினின் இயல்பு எல்லையான 5, கடிதத்தில் குறியிடுவதற்கானது. அது தானாக எதையும் அழிப்பதில்லை.

தடைப்பட்டியலின் பதிலைப் படிக்காதது

ஸ்பேம் அனுப்பும் ஐபி முகவரிகளைத் தொகுக்கும் ஸ்பாம்ஹாஸ் பட்டியலைப் பொது டிஎன்எஸ் சர்வர் வழியாகக் கேட்டால் 127.255.255.254 என்று வரலாம். அது பிழைக்குறி, அந்த ஐபி பட்டியலில் இருக்கிறது என்று பொருளல்ல. 'எந்தப் பதில் வந்தாலும் தடு' என்று எழுதிவைத்தால் நல்ல கடிதங்களும் வாசலிலேயே நின்றுவிடும். அண்மையில் ஓர் இளைஞர் இரண்டு நாள் இதில் தவித்தார்.

எல்லாருக்கும் கிரேலிஸ்டிங்

முன்பின் தெரியாத சர்வரின் கடிதத்தை முதல்முறை 'பிறகு வா' என்று திருப்பிவிடுவதுதான் கிரேலிஸ்டிங். அதை எல்லாருக்கும் வைத்தால், பத்து நிமிடத்தில் காலாவதியாகும் ஓடிபி, அரை மணி நேரம் கழித்து வந்து சேரும்.

எஸ்பிஎஃப் தோல்வியை மட்டும் பார்த்து மறுப்பது

ஒரு டொமைனின் பெயரில் எந்தச் சர்வர்கள் கடிதம் அனுப்பலாம் என்று அறிவிக்கும் பட்டியல்தான் எஸ்பிஎஃப். வேறொரு முகவரி வழியாக ஃபார்வர்டு ஆகி வரும் நேர்மையான கடிதங்களும் இதில் தோற்கும்.

போஸ்ட்மாஸ்டர் முகவரியை வடிகட்டுவது

வேண்டவே வேண்டாம். போஸ்ட்மாஸ்டர் என்பது சர்வர் நிர்வாகியை அடைவதற்கான முகவரி. தவறாகத் தடுக்கப்பட்டவர் முறையிட இருக்கும் வழி அது. 550 பதிலின் வாசகத்திலேயே ஒரு தொலைபேசி எண்ணையும் சேர்த்துவிடுங்கள். அச்சகத்தின் சர்வரில் நான் அதைச் சேர்த்த வாரமே இரண்டு பேர் அழைத்தார்கள்.