லித்தோப்ஸ் வளர்ப்பு: இலை மாறும் காலமும் தண்ணீர்க் கணக்கும்

தென்னாப்பிரிக்காவின் வடக்கு கேப் பகுதியில் உள்ள பிரீஸ்காவுக்கு அருகே 1811-ஆம் ஆண்டு பயணம் செய்துகொண்டிருந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் வில்லியம் பர்ச்செல், வினோதமான கூழாங்கல் என்று எண்ணிக் கையிலெடுத்தது உண்மையில் ஒரு செடியாக இருந்தது. அவ்வகைச் செடிகளைத் தனிப் பேரினமாகப் பிரித்து 1922-இல் லித்தோப்ஸ் என்று பெயரிட்டவர் தாவரவியலாளர் என். இ. பிரவுன். தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் ஏறத்தாழ 40 சிற்றினங்களாகப் பரவியிருக்கும் இச்செடிக்கு, தண்டு என்று சொல்லத்தக்க எதுவும் வெளியே தெரிவதில்லை. தடித்த இரண்டு இலைகளும் அவற்றின் நடுவே ஒரு பிளவும் மட்டுமே கண்ணுக்குப் புலப்படும். வீட்டில் வளர்க்கப்படும் லித்தோப்ஸ் வறட்சியால் சாவது அபூர்வம். தண்ணீரால் சாவதே வழக்கம். தொட்டி மண் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துத் தண்ணீர் விடும் முறை மற்றச் செடிகளுக்குப் பொருந்தலாம். இதற்கோ, இலைகள் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்பதைப் பார்த்துத்தான் தண்ணீர் விட வேண்டும்.

இச்செடியின் ஓராண்டு வாழ்க்கையை இலையுதிர்காலத்திலிருந்து பார்க்கத் தொடங்குவது எளிது. தென்னாப்பிரிக்காவில் அது ஏறத்தாழ மார்ச் முதல் மே வரை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே உள்ள நமக்கு செப்டம்பர் முதல் நவம்பர் வரை. கோடையின் ஓய்வு முடிந்து செடி விழித்துக்கொள்ளும் அப்பருவத்தில், பிளவின் நடுவிலிருந்து மஞ்சள் அல்லது வெள்ளை நிறத்தில் ஒரு பூ எழும். நண்பகலுக்குப் பிறகு விரிந்து மாலையில் மூடிக்கொள்ளும் அந்தப் பூ, சில சமயம் செடியையே முழுதாக மறைத்துவிடும் அளவுக்குப் பெரிதாக இருப்பதுண்டு. தண்ணீரைத் தாராளமாக ஏற்கும் பருவம் இது. தொட்டியின் அடித்துளை வழியே வடியும் வரை நன்றாக நனைத்து, மண் முழுவதும் உலர்ந்த பின்பும் சில நாள் விட்டு மறுபடி நனைக்கலாம். நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பது வேருக்குப் போய்ச் சேராது. இலைப் பிளவில் தேங்கி அழுகலையே தரும்.

பூ வாடியதும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். வளர்ப்பவரின் பொறுமை உண்மையில் சோதிக்கப்படுவது இங்கேதான். செடிக்குள் அப்போது புதிய இலை ஜோடி உருவாகத் தொடங்கியிருக்கும். சில வாரங்களில் பிளவு மெல்ல அகன்று, பழைய ஜோடிக்குக் குறுக்கு வாட்டில் அமைந்த புதிய இலைகளின் முதுகு உள்ளே தெரியும். பழைய இலைகளில் சேர்ந்திருக்கும் நீரையும் சத்தையும் உறிஞ்சியே புதியவை பருக்கின்றன. ஆகவே பழையவை நாளுக்கு நாள் தளர்ந்து, சுருங்கி, கடைசியில் காகிதம் போன்ற மெல்லிய தோலாக மிஞ்சும். செடி வாடுகிறதே என்று இரக்கப்பட்டு இந்நிலையில் தண்ணீர் விட்டால், பழைய இலைகள் அந்நீரைக் குடித்து மீண்டும் தடித்துக்கொள்ளும். புதியவை அவற்றின் பிடிக்குள் நெருக்குண்டு வளரும். இரண்டு ஜோடி இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும் லித்தோப்ஸைக் கடைகளில் காணலாம். அது செழிப்பின் அடையாளம் அன்று. தவறான மாதத்தில் தண்ணீர் விட்டதன் அடையாளம். பழைய இலைத் தோல் தொட்டால் சலசலக்கும் அளவுக்குக் காய்ந்த பிறகே மறுபடி தண்ணீரைத் தொடங்க வேண்டும். அந்தத் தோலைக் கையால் பிய்த்து எடுப்பதையும் தவிர்ப்பது நல்லது. ஈரப்பசை உள்ள இடத்தில் பிய்த்தால் புதிய இலை காயப்படும்.

வெயில் ஏறிய கோடையில் செடி மீண்டும் உறங்கும். இலையின் பக்கவாட்டில் கிடைமட்டமாகச் சுருக்கங்கள் விழுந்து அவை மறுநாளும் நீங்காவிட்டால் மட்டும், மாலை வேளையில், மண்ணின் மேற்பகுதி நனையும் அளவுக்குச் சிறிது விடலாம்.

தமிழகச் சமவெளியில் வளர்ப்பவர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. செடி தண்ணீரை விரும்பும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. அது செடிக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு மிகுதி. மொட்டை மாடியின் திறந்த வெளியில் வைத்தால் ஒரே வாரத்தில் அடிப்பகுதி கூழாகிவிடும். எனவே மழை படாத, ஆனால் காலை வெயில் நான்கைந்து மணி நேரம் விழக்கூடிய, காற்று ஓடும் கூரை விளிம்பே ஏற்ற இடம். நிழலில் வைத்தால் செடி வெளிச்சத்தைத் தேடி உயரமாக நீளும். தரையோடு தரையாகக் கிடக்க வேண்டிய செடி எழுந்து நிற்பது வெளிச்சக் குறைவையே காட்டும். அதற்காக நிழலில் இருந்ததைத் திடீரென்று உச்சி வெயிலுக்கு மாற்றிவிடக் கூடாது. இலையின் மேற்பரப்பில் ஒளி ஊடுருவும் பகுதிகள் அமைந்துள்ளன. அவற்றின் வழியே இறங்கும் வெளிச்சம்தான் உட்புறச் சுவரில் உள்ள பச்சையத்தை அடைகிறது. பழகாத வெயில் அந்தப் பகுதியை வெந்த தழும்பாக்கிவிடும்.

மண்கலவையில் நான்கில் மூன்று பங்கு கனிமப் பொருளாக இருக்கட்டும். பியூமிஸ் என்னும் எரிமலை நுரைக்கல், பெர்லைட் என்னும் பொரிந்த வெண்கனிமத் துகள், சலித்துத் தூசு நீக்கிய செங்கல் துண்டு, பருமனான ஆற்று மணல் ஆகியவற்றில் கிடைப்பதைச் சேர்க்கலாம். மீதிக்கு மக்கிய இலைமண் போதும். தென்னை நார்க்கழிவு ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைப்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை. செடி சிறியது என்பதற்காகத் தட்டையான கிண்ணத்தில் நடுவதும் சரியன்று. ஆணிவேர் கீழே இறங்குவதற்குப் பத்து சென்டிமீட்டராவது ஆழம் வேண்டும். உரம் ஏறக்குறைய தேவையே இல்லை.

மாவுப்பூச்சி இலைப் பிளவிலும் வேரிலும் ஒளிந்திருக்கும். பிளவில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுக்கலாம். காரணமின்றிச் செடி சுருங்கி, தண்ணீர் விட்ட பின்பும் தேறாவிட்டால், பிடுங்கி வேரைப் பார்ப்பதே வழி.

முதல் செடிக்கு லித்தோப்ஸ் லெஸ்லியை அல்லது லித்தோப்ஸ் ஆகாம்பியேவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இரண்டும் கோடைமழைப் பகுதிகளைச் சேர்ந்தவை, சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்பவை. தென்னாப்பிரிக்காவில் சிறு சதைப்பற்றுத் தாவரங்களைக் காட்டிலிருந்து திருடி விற்பது அண்மைக் காலத்தில் பெருகியிருக்கிறது. லித்தோப்ஸின் உறவான கோனோஃபைட்டம் இதில் பெரும் இழப்பைச் சந்தித்துள்ளது. ஆகவே விதையிலிருந்து வளர்க்கப்பட்டது என்று உறுதி தரும் நாற்றுப்பண்ணையில் மட்டுமே வாங்க வேண்டும். அல்லது விதையையே வாங்கி முளைக்க வைக்கலாம். விதை வேண்டுமானால் பூத்த செடிகள் இரண்டு தேவை. ஒரே செடியின் மகரந்தம் அதற்கே பயன்படாது. காய்ந்த விதைக்கூட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், சிறிது நேரத்திலேயே அதன் மூடிகள் வெளிப்புறமாக மடிந்து திறக்கும், உலர்ந்ததும் மூடிக்கொள்ளும். மழை நாளில் மட்டும் விதையைச் சிதறவிடுவதற்குப் பாலை நிலம் செய்த ஏற்பாடு அது. தூள் போன்ற அவ்விதைகளை ஈரமான மண்ணின் மேல் தூவி, புதைக்காமல், ஒளி புகும் மூடியால் மூடி வைத்தால் ஓரிரு வாரங்களில் முளைக்கும். பெரிய செடிக்குச் சொன்ன தண்ணீர்க் கட்டுப்பாடு நாற்றுகளுக்குப் பொருந்தாது. முதல் சில மாதங்கள் அவற்றின் மண் முழுதாகக் காயக் கூடாது. பூப்பதற்கு மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலுமோ ஆகும்.