டிரங்குப் பெட்டியில் ஒரு ஃபைல்: முன்னாள் படைவீரர்கள் மனைவிக்காக இப்போதே செய்ய வேண்டியவை

எங்கள் வேலூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத கிராமம் குறைவு. நான் ராணுவத்தில் கிளர்க்காக இருந்து நாயப் சுபேதாராக ஓய்வு பெற்றவன். ஊருக்கு வந்த பிறகு அக்கம்பக்கத்தாருக்குப் பென்ஷன் காகிதம் பார்த்துக் கொடுக்கிறேன். கணவரை இழந்த அக்காக்கள் ஒரு துணிப்பையோடு வந்து உட்காருவார்கள். பைக்குள் எல்லாக் காகிதமும் இருக்கும். எது எதற்கு என்றுதான் அவர்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லித்தர வேண்டியவர் சொல்லாமலே போயிருப்பார்.

நீங்கள் இருக்கும்போது ஒரு கையெழுத்தில் முடிகிற வேலைக்கு, நீங்கள் இல்லாதபோது அவர் பல ஆபீஸ் படி ஏற வேண்டும். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன். இந்தப் பேச்சை எடுத்தாலே "நல்ல வார்த்தையாகப் பேசுங்கள்" என்று வீட்டில் கோபம் வரும். வரட்டும். லைஃப் சர்டிபிகேட் (உயிரோடு இருக்கிறோம் என்ற சான்று) கொடுக்கும் சமயத்தில் எப்படியும் பென்ஷன் காகிதங்கள் வெளியே வரும். அன்றைக்கே மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இந்த வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் பிபிஓவை, அதாவது உங்கள் பென்ஷனுக்கான உத்தரவை, எடுங்கள். அதில் பென்ஷன் தொகையைப் பார்ப்பதற்கு முன்னால் மனைவியின் பெயரையும் பிறந்த தேதியையும் பாருங்கள். நான் பார்க்கிற சிக்கல்களில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் (சொந்த விவரங்களைப் பதியும் உத்தரவு) போட்டபோது, வடநாட்டு கிளர்க் தன் ஊர் வழக்கப்படி 'லட்சுமி தேவி' என்று எழுதியிருப்பார். ஆதாரில் அப்பா பெயரின் இனிஷியலோடு 'எஸ். லட்சுமி' என்று இருக்கும். பான் கார்டில் கணவர் பெயரைச் சேர்த்து 'லட்சுமி சேகர்' ஆகியிருக்கும். ஊருக்கு இவர் ஒரே ஆள்தான், கணினிக்கு மூன்று பேர். பிறந்த தேதியும் அப்படித்தான்: ஒன்று வெறும் வருடம் மட்டும் இருக்கும், இல்லையென்றால் ஆதாரோடு ஒத்துப்போகாது.

பிறந்த தேதி அவ்வளவு முக்கியமா என்று கேட்பார்கள். முக்கியம்தான். குடும்ப பென்ஷன் (உங்களுக்குப் பிறகு மனைவிக்கு வருவது) வாங்குபவருக்கு 80 வயது நிறைந்தால் அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, 100 வயதில் இரண்டு மடங்கு. அந்த வயதைக் கணக்கிடுவது பதிவில் இருக்கும் தேதியை வைத்துத்தான். தள்ளாத வயதில் அவர் தன் பிறந்த தேதியை நிரூபிக்க அலைய வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள்.

ஜவான், ஜேசிஓ (நாயப் சுபேதார், சுபேதார் போன்றவர்கள்) என்றால் திருத்தத்துக்கு, பணிப் பதிவுகள் இருக்கும் உங்கள் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு, ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு. எதை எங்கே அனுப்புவது என்று குழப்பமாக இருந்தால் டிஸ்சார்ஜ் புக்கோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள், வழி சொல்வார்கள். ரெக்கார்ட் ஆபீஸ் கேட்கும் பிரமாணப் பத்திரம், ஆதார் நகல் எல்லாம் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை ஃபைலில் ஒட்டி வையுங்கள். பதில் வரத் தாமதமாகலாம். நீங்கள் இருக்கிறீர்கள், காத்திருக்கலாம். பென்ஷன் நின்றுபோன வீட்டில் காத்திருப்பது வேறு.

அடுத்தது ஸ்பர்ஷ். இப்போது பென்ஷன் நடப்பு முழுவதும் அந்த இணையதளத்தில்தான். பிரயாக்ராஜில் இருக்கும் பாதுகாப்புக் கணக்கு அலுவலகம் (நமக்கு இன்னமும் அலகாபாத்தான்) அதை நடத்துகிறது. உங்கள் யூசர் நேம், பாஸ்வேர்டு, பதிவான மொபைல் எண், மூன்றையும் மனைவி தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஓடிபி உங்கள் போனுக்குத்தான் வரும். துக்க வீட்டில் அந்த போனுக்கு ரீசார்ஜ் செய்ய யாருக்கும் தோன்றாது, சிம் செத்துப்போகும். அதனால் குறைந்தது ஓர் ஆண்டாவது அந்த எண்ணை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்று எழுதி வையுங்கள். மனைவியின் பெயரில் தனியாக ஒரு எண் இருக்கட்டும். அவருடைய ஆதாரோடும் வங்கிக் கணக்கோடும் அதை இணைத்துவிடுங்கள். மகனின் எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். மகன் நல்லவனாகவே இருக்கட்டும், அம்மாவின் பணத்துக்கு வரும் செய்தி அம்மாவின் கைக்குத்தான் வர வேண்டும். ஏடிஎம் கார்டுக்கும் இதையேதான் சொல்வேன்.

நீங்கள் செய்து காட்டினால் அவருக்குப் பழகாது. பென்ஷன் ஸ்லிப்பை அவரே ஒரு முறை இறக்கட்டும். உங்கள் லைஃப் சர்டிபிகேட்டை ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டி எடுக்கும்போது போனை அவர் பிடிக்கட்டும். பின்னால் அவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறை இதே வேலை உண்டு.

இப்போது பணக் கணக்கு. இதை மறைப்பவர்கள்தான் அதிகம், மனைவிக்குத் தெரிந்தே ஆக வேண்டியதும் இதுதான். உதாரணத்துக்கு, கடைசிச் சம்பளம் 40,000 என்று வையுங்கள். உங்கள் பென்ஷன் அதில் பாதி, 20,000. சாதாரண குடும்ப பென்ஷன் 30 சதவீதம், அதாவது 12,000. இரண்டுக்கும் மேல் அகவிலைப்படி உண்டு. ஓஆர்ஓபி (ஒரே ரேங்க், ஒரே பென்ஷன்) அட்டவணையால் தொகை மாறும், விகிதம் புரியத்தான் இந்தக் கணக்கு. குடும்ப பென்ஷன் எவ்வளவு குறைந்தாலும் அடிப்படையில் 9,000 ரூபாய்க்குக் கீழே போகாது.

முதல் சில வருடங்களுக்கு உயர்த்தப்பட்ட விகிதம் உண்டு: 50 சதவீதம், ஆனால் உங்கள் பென்ஷனைத் தாண்டாது. ஓய்வுக்குப் பிறகு இறந்தால் இது 7 வருடம், அல்லது உங்களுக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள் வரை, எது முந்துகிறதோ அதுவரை கிடைக்கும். 55 வயதில் ஒருவர் போனால் மனைவிக்கு 7 வருடமும் கிடைக்கும். 64-ல் போனால் 3 வருடம்தான். 70-ல் போனால் முதல் நாளிலிருந்தே 30 சதவீதம். இந்தத் தேதியை உங்கள் பிறந்த நாளை வைத்துக் கணக்கிட்டு, தொகையோடு தாளில் எழுதுங்கள். எழுதாவிட்டால், விகிதம் குறையும் மாதத்தில் யாரோ தன் பணத்தைப் பிடித்துவிட்டார்கள் என்று அவர் பயந்து ஓடி வருவார். கம்யூட் செய்து, பென்ஷனில் ஒரு பகுதியை மொத்தமாக முன்பே வாங்கியிருந்தீர்கள் என்பதற்காகக் குடும்ப பென்ஷனில் பிடித்தம் எதுவும் கிடையாது, அதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஊனமுற்றோர் பென்ஷன் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டிஸெபிலிட்டி எலிமென்ட், அதாவது ஊனத்துக்காகத் தரும் பகுதி, உங்களோடு நின்றுவிடும். ஆனால் பணியால் வந்தது என்று ஏற்கப்பட்ட அதே நோயாலோ காயத்தாலோ மரணம் நேர்ந்தால், விதிகளுக்கு உட்பட்டு, சிறப்புக் குடும்ப பென்ஷன் கேட்க இடம் உண்டு. அது கடைசிச் சம்பளத்தில் 60 சதவீதம். அதற்கு மெடிக்கல் போர்டு காகிதங்கள், பிறகு எடுத்த சிகிச்சை ரசீதுகள், மருத்துவர் எழுதித் தரும் மரணக் காரணச் சான்று எல்லாம் வேண்டும். சான்றில் வெறுமனே 'மாரடைப்பு' என்று எழுதி வாங்கி வந்துவிடுகிறார்கள். அதற்குப் பின்னணியில் இருந்த பழைய நோயையும் மருத்துவர் குறிப்பிட வேண்டும் என்பதை மனைவியிடமும் பிள்ளைகளிடமும் இன்றே சொல்லிவிடுங்கள்.

வங்கிக் கணக்கு மனைவியோடு கூட்டுக் கணக்காக, இருவரில் யாரும் எடுக்கலாம், மிஞ்சியவருக்குச் சேரும் என்ற வகையில் இருக்கட்டும். டெபாசிட், அஞ்சலகச் சேமிப்பு, லாக்கர் எல்லாவற்றிலும் நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னால் போட்ட பாலிசியில் இன்னமும் அம்மா பெயரே இருப்பது சாதாரணம். பாதுகாப்புத் துறையினர் கணக்குக்குச் சில வங்கிகள் ஓய்வுக்குப் பிறகும் விபத்துக் காப்பீடு தருகின்றன. உங்கள் கிளையில் உண்டா, எந்த வயது வரை என்று கேட்டு எழுதி வையுங்கள்.

வீடும் நிலமும் தானாக மனைவிக்குப் போய்விடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். உயில் இல்லாமல் ஒரு இந்து ஆண் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருக்கும் தாய் எல்லோருக்கும் சம பங்கு. நாமினி என்பவரும் பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், அதனாலேயே உரிமையாளராக மாட்டார். குடியிருக்கும் வீடாவது மனைவிக்கு முழுதாக இருக்க வேண்டும் என்றால் உயில் எழுதுங்கள். வெள்ளைத் தாளே போதும். பலன் பெறாத இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயம் இல்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன், பிறகு பேச்சு வராது.

இரண்டு விஷயங்கள் பலருக்குத் தெரிவதில்லை. மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால், விதிகளுக்கு உட்பட்டு, அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப பென்ஷன் உண்டு. நீங்கள் இருக்கும்போதே மருத்துவச் சான்றோடு பிள்ளையின் பெயரைப் பதிவில் ஏற்றிவிடலாம். பெற்றோர் இருவரும் போன பிறகு அந்தப் பிள்ளையால் யாரிடம் போய்க் கேட்க முடியும்? இன்னொன்று, ஓய்வுக்குப் பிறகு அரசு வேலையில் சேர்ந்து அங்கேயும் பென்ஷன் தகுதி பெற்றவர்களின் மனைவிக்கு இரண்டு குடும்ப பென்ஷனும் கிடைக்கும். 2012 செப்டம்பர் 24 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ஒன்றைத்தான் வாங்க முடியும் என்று யாராவது சொன்னால் திரும்பி வந்துவிட வேண்டாம் என்று எழுதுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே தமிழில் ஒரு தாள் வேண்டும். ஆர்மி நம்பர், ரேங்க், பிபிஓ எண், வங்கிக் கணக்கு, ரெக்கார்ட் ஆபீஸ் முகவரி, கடன் பாக்கி, கொடுத்த கடன், பெட்டிச் சாவி இருக்கும் இடம். உங்கள் நம்பர் எழுதிய அந்தக் கறுப்பு டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புக்கோடு ஃபைலை வையுங்கள். அதே தாளின் பின்பக்கத்தில், உங்களுக்குப் பிறகு செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுங்கள். நான் மற்றவர்களுக்கு எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"மருத்துவரிடம் சான்று வாங்கு. 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய். தாண்டினால் தாமதக் கட்டணம், 30 நாளும் தாண்டினால் அனுமதியும் வாங்க வேண்டிவரும். சான்றிதழில் என் பெயர் பிபிஓவில் உள்ளபடியே இருக்க வேண்டும். உடனே ஸ்பர்ஷில் தெரிவி, அல்லது நல அலுவலகத்துக்குப் போய்த் தெரிவிக்கச் சொல். என் பெயரில் பிறகு வரும் பென்ஷனை எடுக்காதே, திரும்பப் பிடிப்பார்கள். உன் பென்ஷன் மறுநாளிலிருந்து கணக்காகும், தாமதமானாலும் பாக்கி சேர்ந்து வரும். பிறகு உன் பெயரில் அடையாள அட்டை, கேன்டீன் கார்டு வாங்கு. ஈசிஎச்எஸ் மருத்துவத் திட்டத்தில் இதுவரை என்னைச் சார்ந்தவள், இனி நீயே முதன்மை உறுப்பினர், பாலிகிளினிக்கில் கேட்டு மாற்று. ஏஜிஐஎஃப் (ராணுவக் குரூப் இன்சூரன்ஸ்) சான்றிதழ் ஃபைலில் இருக்கிறது. அதில் போட்டிருக்கும் தேதிக்குள் நான் போயிருந்தால் பணம் உண்டு. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பி, பட்டா மாற்ற அது வேண்டும்."

கடற்படை, விமானப்படையில் இருந்தவர்கள் ஏஜிஐஎஃப்புக்குப் பதிலாக உங்கள் குரூப் இன்சூரன்ஸ் பெயரை எழுதுங்கள். எல்லாம் எழுதியதும் அந்தத் தாளை மனைவியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் நின்று கேள்வி கேட்கிற வரியைத் திருத்தி எளிமையாக எழுதுங்கள்.

ஓஆர்ஓபி 2014 ஜூலை 1-ல் தொடங்கி, 2019-லும் 2024-லும் அதே ஜூலை 1 தேதியிட்டுத் திருத்தப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதிய பிபிஓ வந்திருந்தால் அதை ஸ்பர்ஷிலிருந்து இறக்கி அச்சடித்துச் சேருங்கள், தாளில் இருக்கும் தொகையையும் மாற்றுங்கள். பழையதைக் கிழித்துப் போட வேண்டாம். முதன்முதலில் வந்த பிபிஓவில்தான் உங்கள் சர்வீஸ் விவரம் முழுதாக இருக்கும்.