கேரவனில் மதுரைக்கு வந்து தங்குபவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

அமெரிக்கா, ஐரோப்பாப் பக்கம் பெரிய நகரங்களுக்கு வெளியே கேரவன் (படுக்கையும் சமையல் வசதியும் உள்ள வண்டி) தங்குவதற்கென்றே தனித் திடல்கள் இருக்கின்றன. மின்சாரம், தண்ணீர், கழிவைக் கொட்டும் தொட்டி எல்லாம் அங்கேயே கிடைத்துவிடும். மதுரைக்கு வருகிறவர்கள் இவற்றைத் தாங்களே தேடிக்கொள்ள வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு தேட ஆரம்பிப்பதில்தான் பாதிப் பிரச்சினைகள் தொடங்குகின்றன.

மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்திவிடலாம் என்று வராதீர்கள். சித்திரை வீதிகளுக்குள் வாகனங்களை விடமாட்டார்கள். ஆவணி மூல வீதி, மாசி வீதிக் கூட்டத்தில் நீளமான வண்டியைத் திருப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒத்தக்கடை, நாகமலை புதுக்கோட்டை, திருமங்கலம் என்று ஊருக்கு வெளியே வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸிலோ ஆட்டோவிலோ உள்ளே போவதுதான் சரி. மதியம் நடை சாத்தினால் சாயங்காலம் 4 மணிக்குத்தான் திறப்பார்கள், அதற்கேற்பக் கிளம்புங்கள்.

அடுத்தது, சாலையிலிருந்து பார்த்தால் ஆளில்லாமல் பரந்து கிடக்கும் புல்வெளி. மதுரையைச் சுற்றி அப்படிக் கிடப்பது பெரும்பாலும் கண்மாயின் உள்வாய், அதாவது மழைத் தண்ணீர் தேங்கும் உட்பகுதி. வெயில் காலத்தில் தரை கெட்டியாகத் தெரியும். ஒரு மழை பெய்தால் களிமண் இளகி, மூன்று டன் வண்டியின் சக்கரம் பாதிக்கு மேல் புதைந்துவிடும். மழைக்காலம் ஐப்பசி, கார்த்திகைதானே என்றும் இருந்துவிட முடியாது. சித்திரை, வைகாசியிலும் சாயங்காலம் இடியோடு கொட்டும். மலையடிவாரமும் வேண்டாம். சமணர் மலையில் இருப்பவை பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். அழகர்மலை வனத்துறைக்கு உட்பட்ட காடு. இங்கெல்லாம் ராத்திரி அடுப்பு மூட்டுவது அந்த ஊர்க்காரர்களுக்குச் செய்யும் அநியாயம்.

பிறகு எங்கேதான் நிறுத்துவது? என்னைக் கேட்டால், முகூர்த்தம் இல்லாத நாளில் ஊருக்கு வெளியே உள்ள கல்யாண மண்டபம். பெரிய வளாகம், போர் மோட்டார், கழிப்பறை, செப்டிக் டேங்க், வாட்ச்மேன் எல்லாம் அங்கே இருக்கும். முந்தின நாளே மேனேஜரிடம் பேசி, வாடகையையும் கரண்டுக்குத் தனியாக எவ்வளவு என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். சமையல் கட்டுக்குப் பக்கத்தில் 16 ஆம்பியர் பிளக் இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஏசியையும் இண்டக்‌ஷன் அடுப்பையும் ஒரே பிளக்கில் சேர்த்து ஓட்டாதீர்கள். வயரைச் சுருளாக விட்டால் சூடேறி இளகிவிடும். முழுவதும் பிரித்துப் போடுங்கள். வண்டியின் உடம்பு முழுக்கத் தகரம் என்பதால், எர்த் இல்லாத இடத்தில் மழை நேரத்தில் ஏறி இறங்குவதே ஆபத்து.

கேஸ் விஷயத்தில்தான் நான் கெஞ்சிக் கேட்பேன். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து கோயில் கோயிலாக வந்தவர்கள். விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்த சிலிண்டர்தான் காரணம். கேரவனும் அதைப் போல நாலு பக்கமும் அடைத்த பெட்டிதான். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். மதுரைக் கொசுவுக்குப் பயந்து ஜன்னலை எல்லாம் இறுக்கி மூடிவிட்டுத் தூங்குகிறோம், காலையில் எழுந்ததும் டீக்கு அடுப்பைப் பற்ற வைக்கிறோம். அப்படிச் செய்யவே கூடாது. ஜன்னலுக்கு வலை அடியுங்கள். எழுந்ததும் முதலில் கதவைத் திறந்துவிடுங்கள். முடிந்தவரை வெளியே வைத்துச் சமையுங்கள். ராத்திரி சிலிண்டர் வால்வையே மூடிவிடுங்கள், அடுப்பின் திருகை மட்டும் மூடினால் போதாது.

இன்னொரு விஷ வாயு இருக்கிறது, அதற்கு வாசனைகூடக் கிடையாது. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்துகிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே புகுந்த கார்பன் மோனாக்சைடுதான் அவர்களைக் கொன்றது. மே மாத மதுரைப் புழுக்கத்தில் ஏசி இல்லாமல் கண் மூட முடியாதுதான். ஆனாலும் இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுக்கொண்டு உள்ளே தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கிப் படுக்கைப் பக்கத்திலேயே மாட்டுங்கள்.

கழிவு: வாய்க்காலிலோ வைகையிலோ கொட்டாதீர்கள். மண்டபத்துக்காரரிடம் சொல்லிவிட்டு செப்டிக் டேங்கில் ஊற்றலாம். கழிப்பறைத் தொட்டியில் ரசாயனம் கலந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தண்ணீர்: போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதைக் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் வைத்துக்கொண்டு, குடிக்க கேன் வாங்கிவிடுங்கள்.

சித்திரைத் திருவிழா நாட்களில் வருவதாக இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். அழகர் வருகிற அழகர்கோயில் சாலை, அழகரை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை நடக்கும் மூன்றுமாவடி, தல்லாகுளம், வைகை ஆற்றுக்கு இரண்டு பக்கமும் என்று எங்கும் கூட்டம் நிறைந்துவிடும். அந்தப் பக்கம் உள்ளே மாட்டிய வண்டி நினைத்த நேரத்தில் வெளியே வராது. மேலூரிலோ திருமங்கலத்திலோ ஓர் இடத்தை முன்கூட்டியே பேசி வைத்து, அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள் காலையிலேயே வண்டியை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.