நிறுத்தத்திலிருந்து கிளம்பும் பேருந்துக்கு வழிவிடும் முறை

நகர்ப்பகுதியில் பேருந்து நிறுத்தத்தை விட்டுக் கிளம்பும்போது, பின்னால் வரும் வாகனங்கள் வேகத்தைக் குறைத்து, தேவைப்பட்டால் நின்று, அதற்கு வழிவிட வேண்டும் என நாடுகள் சட்டம் இயற்றலாம் என்று 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் 15ஆவது பிரிவு பரிந்துரைக்கிறது. பரிந்துரை மட்டுமே என்பதால் விதி நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஜெர்மனியிலும் பிரான்சிலும் இது கட்டாயம். பிரிட்டனின் சாலை விதிக் கையேடோ, பாதுகாப்பாக இயலும்போது முன்னுரிமை கொடுங்கள் என்ற அளவில் நின்றுவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் வழிவிடுவது கட்டாயமாக, பேருந்தின் பின்புறம் வழிவிடக் கோரும் பலகை இருக்க வேண்டும், வலப்பக்க இண்டிகேட்டரும் எரிய வேண்டும். ஆகவே, நீங்கள் ஓட்டும் இடத்தின் விதியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

நிற்கும் பேருந்தைத் தொலைவில் கண்டதுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, பின்புறக் கண்ணாடியைப் பாருங்கள். கடைசிப் பயணி ஏறிவிட்டாரா, கதவு மூடுகிறதா என்பதைக் கவனித்தால், இண்டிகேட்டர் எரிவதற்கு முன்பே பேருந்து கிளம்பப்போவதை ஊகித்துவிடலாம். இண்டிகேட்டர் எரிந்ததும் படிப்படியாக வேகம் குறைத்து, பேருந்து முழுவதுமாக உங்கள் தடத்துக்குள் வரும்வரை இடைவெளி விடுங்கள். அந்த நேரத்தில் முந்திவிடலாம் என்று வேகம் கூட்டுவதுதான் பலரும் செய்வது. மிச்சமாவது சில நொடிகள், அதுவும் அடுத்த சிக்னலில் போய்விடும். பக்கத்துத் தடம் உண்மையிலேயே காலியாக இருந்தால் முறைப்படி அதற்கு மாறிச் செல்லலாம்.

பேருந்தின் பக்கவாட்டிலேயே வந்துவிட்ட பிறகு இண்டிகேட்டர் எரிந்தால், திடீரென பிரேக் போடாதீர்கள். பின்னால் வரும் இருசக்கர வாகனத்துக்கு அதுவே ஆபத்து. இண்டிகேட்டர் போட்டுவிட்டதாலேயே பேருந்து ஓட்டுநரின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை என்பதையும், விபத்து நேராதபடி பார்த்தே அவர் கிளம்ப வேண்டும் என்பதையும் அதே 15ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

இறங்கிய பயணிகள் பேருந்தின் முன்புறமிருந்து சாலையைக் கடக்கக்கூடும் என்பதை மறந்துவிடாதீர்கள். இதில் ஜெர்மனியின் விதி மற்றவற்றைவிடக் கடுமையானது, என் பார்வையில் நியாயமானதும்கூட: நான்கு இண்டிகேட்டர்களும் மின்ன நிறுத்தத்தை நெருங்கும் பேருந்தை முந்தவே கூடாது, அப்படி மின்னியபடி நிற்கும் பேருந்தை நடை வேகத்தில்தான் கடக்க வேண்டும். நடை வேகக் கட்டுப்பாடு, அதே சாலையில் எதிர்த்திசையில் வருவோருக்கும் பொருந்தும்.